முழு வாக்கியமாகச் சொல்லவும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு மொழிப் பள்ளியின் முதல்வர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், ஒரு நாள் காலைல வந்து உக்காந்து, ஒரு வாய்மொழித் தேர்வைக் கேட்டு, மார்க் போட்டுட்டுப் போயிடணும். அவ்வளவுதான்" என்றார். போனேன். உட்கார்ந்தேன். கேட்டேன். மார்க்கும் போட்டேன். போய்விடத்தான் முடியவில்லை.

நான் ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். பெரும்பாலும் இயந்திரக் கையேடுகள். 'மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்பது போன்ற வாக்கியங்கள் என் கை எழுதியவை ஆயிரக்கணக்கில் உலவுகின்றன. இடையிடையே கதையும் எழுதுவேன். கதையில் மின் இணைப்பைத் துண்டிக்காமலே மூடியைத் திறக்கலாம் என்பது ஒரு வசதி.

இதற்கு முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

மழை விட்டிருந்தது. மொழிப் பள்ளியின் படிக்கட்டில் ஒரு பெண்மணி குடையை உதறி மடித்துக்கொண்டே

[அன்று மழையே இல்லை. அவர் கையில் குடையும் இல்லை. பேனாவைத் திறந்ததும் மழை பெய்ய வைக்கிற பழக்கத்தை நான் விட்டாக வேண்டும்.]

இரண்டாவது தொடக்கம்:

ரஷ்ய மொழியில் வினைச்சொற்கள் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கின்றன. ஒன்று நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும், மற்றது

[இது தேவைப்படும். ஆனால் இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.]

மூன்றாவது: மருமகள் பாடம் நடத்தும் வகுப்பில் மாமியார் மாணவியாகச் சேர்ந்தார்.

இது நிற்கிறது. அலங்காரம் இல்லை, மழை இல்லை, நடந்ததும் இதுதான். இங்கிருந்தே போகலாம்.

2

எழுதத் தொடங்கியதும் என் கணவரிடம் சொன்னேன். "மாமியார் மருமகள் கதையா? அதுதான் டிவில தினமும் ஓடுதே" என்றார். நியாயமான பயம்தான். மாமியார் என்று எழுதியதுமே வாசகர் காதில் ஒரு பின்னணி இசை கேட்டுவிடுகிறது. அதனால் அவரை மாமியார் என்று கூப்பிடாமல், வகுப்பில் இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயரிலேயே கூப்பிடப் போகிறேன்: சீஃப்.

முப்பது வருடம் கணக்கு ஆசிரியை. அதில் பாதிக்கு மேல், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளர், அதாவது சீஃப் எக்ஸாமினர். மற்ற ஆசிரியர்கள் திருத்தியதைத் திருத்துகிறவர். அரை மதிப்பெண் கூடப் போட்டவரையும் கூப்பிடுவார், குறைத்துப் போட்டவரையும் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே திட்டு. "இரக்கப்பட்டுப் போடற மார்க்கும் திருட்டுதான், எரிச்சல்ல குறைக்கற மார்க்கும் திருட்டுதான்" என்பது அவர் என்னிடமே சொன்னது.

ஓய்வு பெற்ற பிறகு ரஷ்யன் படிக்க ஆரம்பித்தார். ஏன் ரஷ்யன் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாத ஒரு பாடத்துல மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உக்காரணும்னு தோணிச்சு."

"அதுக்கு வேற மொழி இல்லையா?"

"இருக்கு" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். [இந்த 'இருக்கு' எனக்குப் போதவில்லை. வேறொரு பதில் அவர் மகனிடமிருந்து கிடைத்தது. அது ஐந்தாம் பகுதியில் வரும்.]

தொடக்கநிலை, இடைநிலை எல்லாம் வேறு வேறு ஆசிரியர்களிடம் படித்து முடித்தார். ரஷ்ய மொழி, இலக்கியம் உயர்நிலைப் பாடத்தை அந்த ஊரிலேயே ஒருவர்தான் நடத்தினார். அவர் சீஃபின் மருமகள். கதையில் அவருக்குப் பெயர்: ஆசிரியை.

முதல்வர் தயங்கியிருக்கிறார். ஒரே வீட்டுக்காரர்களாயிற்றே. கடைசியில் ஓர் ஏற்பாடு: கட்டுரைகளையும் மொழிபெயர்ப்புகளையும் பெயரை மறைத்து வெளியூரில் திருத்துவார்கள். வகுப்பில் எப்படிப் பேசுகிறார் என்பதற்கான மதிப்பெண் மட்டும் ஆசிரியையின் கையில். அதை வெளியூரிலிருந்து போட முடியாதே.

முதல் வகுப்பில் ஆசிரியை ஒரு பாட விளக்கத் தாள் கொடுத்தார். மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது, எப்படி மதிப்பிடப்படும் என்று இரண்டு பக்கத்துக்கு. வாசிக்க வேண்டியதை மூலத்தில் வாசித்துவிட்டு வர வேண்டும். வகுப்புக்குள் தமிழ் கூடாது. எந்தக் கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் கூடாது, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வகுப்புப் பங்கேற்பு என்பது தலையாட்டுவது அல்ல. நூலோடோ, சக மாணவரோடோ, ஆசிரியரோடோ மாறுபட்டு, காரணம் காட்டிப் பேசுவது. ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

மற்றவர்கள் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். சீஃப் பென்சிலை எடுத்து அங்கேயே வாசித்தார். கடைசிப் பத்தி வரைக்கும்.

3

இங்கே ரஷ்ய மொழியைப் பற்றிக் கொஞ்சம். பயப்படாதீர்கள், இரண்டே விஷயம்.

முதலாவது. நாம் அப்பா பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, நம் பெயருக்கு முன்னால் நிறுத்திவிடுகிறோம். ரஷ்யர்கள் அப்படி விடுவதில்லை. மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் ஆளின் பெயரையும், கூடவே அப்பா பெயரையும் முழுதாகச் சொல்ல வேண்டும். பெண்ணாக இருந்தால் அப்பா பெயரோடு 'ஓவ்னா' என்றொரு வால் சேரும். ஆசிரியையை மாணவர்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது வகுப்பு விதி.

அதாவது சீஃப், கேள்வி கேட்கும்போதெல்லாம், வாயைத் திறந்து தன் சம்பந்தியின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சம்பந்தியோ, கல்யாண மண்டபத்தில், நாலு பேர் கேட்க, "எங்க பொண்ணு படிப்புல தங்கப் பதக்கம். மாப்பிள்ளை ஏதோ பார்டர்ல தேறினவர். பரவால்ல, அவ பார்த்துப்பா" என்று சிரித்தவர். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் யாரிடம் சொன்னார்? அரை மதிப்பெண்ணுக்கு ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கிறவரிடம். அன்றிலிருந்து சீஃப் அந்த மனிதரைக் குறிப்பிட வேண்டி வந்தால் 'அவங்க வீட்டுல' என்பார், அவ்வளவுதான். பதினோரு வருடம் உச்சரிக்காத அந்தப் பெயரை இப்போது வாரம் இரண்டு வகுப்பில், ஓவ்னா சேர்த்து, அழுத்தம் தவறாமல் சொன்னார். முதல் நாள் அவர் சொன்னபோது ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். சிரிப்பை மறைக்க என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது. நமக்கு 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல அவர்களுக்கும் இரண்டு உண்டு. மரியாதைக்கு 'வீ'. நெருக்கத்துக்கோ மரியாதைக் குறைவுக்கோ 'தீ'. (உச்சரிப்பு இன்னும் கொஞ்சம் தொண்டைக்குள் போகும், தமிழ் எழுத்தில் இவ்வளவுதான் முடியும்.) பழந்தமிழில் வீ என்றால் பூ. தீ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ரஷ்யர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

வீட்டில், தமிழில், சீஃப் மருமகளை 'நீ' என்பார். மருமகள் 'நீங்க அத்தை' என்பார். வகுப்பில் இருவரும் ஒருவரையொருவர் 'வீ'. ஆக, மாமியார் வாயிலிருந்து அந்தப் பெண்ணுக்கு 'நீங்கள்' கிடைத்த ஒரே இடம் அந்த வகுப்பறைதான்.

[இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று கை பரபரக்கிறது. எழுதவில்லை. வகுப்புக்குப் போவோம்.]

4

எழுத்தில் சீஃபை யாராலும் நெருங்க முடியவில்லை. வெளியூர்த் திருத்துநர் ஒரு கட்டுரையின் கீழே 'இவர் யார்?' என்றே எழுதி அனுப்பினாராம். ஆனால் வகுப்பில் அவர் மறுத்துப் பேசவே இல்லை. சந்தேகம் கேட்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார், முழு வாக்கியமாக. ஆசிரியை ஒரு கருத்தைச் சொல்லி, "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்று சுற்றிப் பார்த்தால், மற்றவர்கள் தப்பும் தவறுமாக மோதிக்கொள்வார்கள். சீஃப் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் அப்படியா? குழம்பில் புளி போதாது, ஜன்னல் திரை நீளம், மின்விசிறி இவ்வளவு வேகத்தில் எதற்கு, எல்லாவற்றிலும் மாற்றுக் கருத்துக்காரர்.

பருவத்தின் பாதியில் மதிப்பெண் வந்தது. வகுப்புப் பங்கேற்பில் சீஃப் தேறவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததை மகன் எனக்கு நடித்தே காட்டினார்.

"அம்மா, ஃபெயிலாமே?"

"பங்கேற்புல மட்டும். மத்ததுல எல்லாம் நான்தான் முதல்."

மகன் மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு..."

"ஒரே வீட்டுல இருந்தா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து என்னை மறுத்துப் பேசியிருந்தா போட்டிருப்பேன். பேசாததுக்கு நான் எப்படிப் போடறது?"

"அவ செஞ்சது சரிதான்டா" என்றார் சீஃப், தட்டிலிருந்து தலை நிமிராமல். "நானா இருந்தாலும் ஃபெயில்தான் போட்டிருப்பேன். தயிரை இந்தப் பக்கம் தள்ளு." தயிரைப் போட்டுக்கொண்டார். "மறுமதிப்பீட்டுக்கு யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்?"

"சரின்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு அத்தை மறுமதிப்பீடு?"

"சரியா இருந்தாலும் கேக்கறது மாணவியோட உரிமை. உன் தாள்லயே போட்டிருக்கே, கடைசிப் பத்தி."

"நான் ரஷ்யனும் படிக்கல, கணக்கும் படிக்கல. என்னை விட்டுடுங்க" என்று மகன் தட்டோடு எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார்.

இப்படித்தான் முதல்வர் எனக்குத் தொலைபேசினார். மறுமதிப்பீடு வாய்மொழித் தேர்வாக நடக்கும். ஆசிரியை கேள்வி கேட்பார். மார்க் மட்டும் நான் போட வேண்டும்.

வகுப்பில் ஏன் பேசவில்லை என்று பின்னால் சீஃபிடம் கேட்டேன். "அது அவ வேலை பார்க்கற இடம் மேடம். அங்க போய் நான் மறுத்துப் பேசினா மத்தவங்க என்ன நினைப்பாங்க? வீட்டுல படுத்தறது போதாதுன்னு இங்கயும் வந்துட்டா பாருன்னுதானே? அதுக்கு ஃபெயிலே பரவால்ல."

[இந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எழுதுகிறவளுக்கு இது ஆபத்து. பிடித்த ஆளுக்கு மார்க் கூடப் போடுவோம். கவனமாக இருக்கிறேன்.]

5

இதைச் சாமர்த்தியசாலி எழுத்தாளர் மறைத்து வைத்திருந்து உச்சக்கட்டத்தில் வெடிக்க வைப்பார். நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு தேர்வறைக்குள் வாருங்கள்; அப்போதுதான் அங்கே என்ன நடந்தது என்று புரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஆசிரியையின் ரஷ்யப் புத்தகங்களைச் சீஃப் அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றினார். வெள்ளையடித்து முடிந்தது. புத்தகங்கள் இறங்கவில்லை. அலமாரியில் பாத்திரங்கள் வந்து உட்கார்ந்தன. மருமகள் ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார். "என்ன அவசரம்? இப்ப யார் படிக்கப் போறா?" என்றார் சீஃப்.

இந்தச் சொல்தான். மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பினார். மகன் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். "அம்மா, ஒரு வார்த்தை கூப்பிடும்மா, நின்னுடுவா" என்று கெஞ்சினாராம். "அம்மா குழாயைத் திறந்து விட்டுட்டு, கழுவின தட்டையே திரும்பக் கழுவிட்டு நின்னாங்க மேடம். திரும்பியே பார்க்கல" என்றார் என்னிடம்.

இரண்டு மாதம் கழித்து மகன்தான் போய் அழைத்து வந்தார். வந்து பார்த்தால், பாத்திரங்கள் போய்ப் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. அதுவும் ரஷ்ய அகர வரிசையில். அந்த எழுத்துகளைச் சீஃப் யாரிடம் கற்றார், எப்படிக் கற்றார், யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு புத்தகம் மட்டும் இடம் மாறியிருந்தது. ரஷ்ய 'வ' எழுத்து பார்வைக்கு ஆங்கில 'B' மாதிரி இருக்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் அதில் ஏமாறுவார்கள். மருமகள் அந்தப் புத்தகத்தை உருவி, அதன் இடத்தில் செருகினார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தைப் பற்றியும் பேசவில்லை. அதன்பின் வீட்டில் சண்டை என்பதே கிடையாது. புளி, திரை, மின்விசிறி பற்றிய முணுமுணுப்போடு சரி.

எதற்காக ரஷ்யன் படித்தார் என்பதற்கு இது மகன் சொன்ன பதில். ஒண்ணாங்கிளாஸ் ஆசை என்பது சீஃப் சொன்ன பதில். இரண்டும் உண்மையாக இருக்க எந்தத் தடையும் இல்லை.

6

தேர்வறை சிறியது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர் பாட்டில். ஜன்னலுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம். யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் மதிப்பெண் தாள்: உச்சரிப்பு, இலக்கணம், மரியாதை வழக்கு, வாதம்.

சீஃப் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் வந்தார். ஆசிரியையைப் பெயரும் சம்பந்தி பெயருமாகச் சொல்லி வணங்கினார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

பருவம் முழுக்க அவர்கள் படித்த ஒரு குறுநாவலிலிருந்து கேள்வி. கதை எளிமையானது. ஆற்றோர ஊரில் ஒரு தாய். மகள் கோபித்துக்கொண்டு, உறைந்த ஆற்றின் மேல் நடந்து அக்கரைக்குப் போகிறாள். தாய் முற்றத்தில் நின்று காய்ந்த படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். 'அவள் கூப்பிடவில்லை' என்று அந்த அத்தியாயம் முடிகிறது.

தாய் ஏன் கூப்பிடவில்லை என்பதுதான் கேள்வி. ஆசிரியை வகுப்பில் சொல்லித்தந்த விடை: கர்வம். அந்தத் தாய் குளிர்ந்த மனம் படைத்தவள்.

இனி அறைக்குள் பேசியதெல்லாம் ரஷ்ய மொழியில். நான் தமிழில் தருகிறேன்; அதுதானே என் வேலை.

"கர்வம் என்று நீங்கள் சொன்னீர்கள்" என்றார் சீஃப். மூச்சை இழுத்துக்கொண்டார். "நான் மாறுபடுகிறேன்."

ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். பருவம் முழுக்க அவர் காத்திருந்த வாக்கியம் அது. "காரணம் சொல்லுங்கள்."

[இங்கேதான் அந்த இரட்டை வினைச்சொல் வேண்டும். 'ஸ்வலா' என்றால் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். 'பஸ்வலா' என்றால் ஒரு தடவை கூப்பிட்டு முடித்தாள். எதிர்மறையில் வித்தியாசம் நுணுக்கமானது. முதலாவது: கூப்பிடவில்லை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இரண்டாவது: கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடுவாள் என்று இருந்தது, கூப்பிடாமல் விட்டாள். நூலில் இருப்பது இரண்டாவது.]

சீஃப் அதைத்தான் சொன்னார். "வாய் வரைக்கும் வந்திருக்கிறது. இல்லையென்றால் நூலாசிரியர் இந்த வினையை எழுதியிருக்க மாட்டார்."

"ஒரு வினைச்சொல் மட்டும் சாட்சி ஆகாது" என்றார் ஆசிரியை. விட்டுக்கொடுக்கவில்லை; நன்றாகவே வாதாடினார். "அவள் கைகளைப் பாருங்கள். விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து மடிக்கிறாள். மகள் போகும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவள் கூப்பிட நினைத்தவளா?"

"கை சும்மா இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டுவிடப் போகிறோம் என்றுதான் கையில் வேலை வைத்துக்கொள்கிறாள்."

"அது நூலில் இல்லை."

"நூலில் இருக்கிறது."

"எந்த வரியில்?"

"எல்லா வரியிலும்!" சீஃபின் குரல் உயர்ந்தது. வேகத்தில் ஒரு பெயர்ச்சொல்லின் பால் தவறியது, குறித்துக்கொண்டேன். "மடிக்கிறாள், மடிக்கிறாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். உனக்கு ஒன்றுமே புரியவில்லை!"

உனக்கு. 'தீ'யின் வேற்றுமை உருபு ஏற்ற வடிவம். தேர்வறையில், ஆசிரியரை, ஒருமையில்.

சீஃபுக்கே அது காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். ஆசிரியைக்கு விழுந்தது. அவர் முகம் சிவந்து, மேசையின் மேல் முன்னால் சாய்ந்தார்.

"நீ ஏன் கூப்பிடவில்லை?"

கீழே ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. பதினோரு வருடத்தில் அந்தப் பெண் தன் மாமியாரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. தமிழில் நாக்கு வந்திருக்காது. ரஷ்ய மொழியில் வந்துவிட்டது. கேள்வி நாவலைப் பற்றியது அல்ல என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். வெளித்தேர்வாளர் தலையிட வேண்டிய இடம் அது. விதிகளில் அதற்கு ஒரு வழி எழுதித்தான் இருந்தது. நான் தலையிடவில்லை.

சீஃப் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவற்றுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"ஹத்தேலா" என்றார்.

விரும்பினேன். ஒற்றைச் சொல்.

ஆசிரியையின் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் ஆசிரியை ஆசிரியைதான். "முழு வாக்கியமாகச் சொல்" என்றார்.

சீஃப் ஒரு கணம் யோசித்தார், வாக்கியத்தை உள்ளே கட்டிப் பார்க்கிறவரைப் போல. பிறகு ஒவ்வொரு சொல்லாக, அழுத்தம் தவறாமல் சொன்னார்.

"நான் உன்னைக் கூப்பிட விரும்பினேன். கூப்பிடாமல் விட்டேன்."

இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் எடுத்தது, நூலில் இருந்த அதே வினை.

7

வெளித்தேர்வாளர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பிடுகிறவருக்கு இரண்டு காது. ஒன்று என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும். மற்றது எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கும். முதல் காது எதைக் கேட்டாலும் இரண்டாவது காது வேலையை நிறுத்தக் கூடாது. அன்று எனக்கு இரண்டாவது காது அடைத்துப்போனது. வாதம்: முழு மதிப்பெண். மரியாதை வழக்கு: அதற்கும் முழு மதிப்பெண். கையெழுத்துப் போட்டேன்.

தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் சீஃப் நின்றிருந்தார். கண்ணைத் துடைத்து முடித்து, மறுபடி பழைய ஆளாகியிருந்தார்.

"மேடம், கேக்கக் கூடாதுதான். அந்த 'தீ'க்கு எத்தனை கழிச்சீங்க?"

"கழிக்கலை."

"ஏன்?"

"அந்த நேரத்துல... அது தப்பாத் தெரியலை எனக்கு."

"தெரியலைன்னா தப்பு இல்லேன்னு ஆயிடுமா? தேர்வு அறையில ஆசிரியரை ஒருமையில பேசியிருக்கேன். என் முகாம்ல யாராவது இப்படி விட்டிருந்தா பேனாவைப் பிடுங்கி வச்சிருப்பேன். இரக்கப்பட்டுப் போட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப போய்க் கழிச்சுட்டு வாங்க."

போனேன். கழித்தேன். பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். பிறகும் தாராளமாகத் தேறியிருந்தார். திரும்பி வந்து சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. மார்க் போனதில் இவ்வளவு நிம்மதி அடைந்தவரை நான் பார்த்ததில்லை.

எனக்கும் கொஞ்சம் குறும்பு. "ஆசிரியையும் உங்களை ஒருமையிலதானே பேசினாங்க? அதுக்கு யார் கழிக்கறது?"

சீஃப் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"அவளுக்கு நான் போட்டுக்கறேன்" என்றார்.

8

கதை இங்கே முடிய வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார். "அந்த வரியோட நிறுத்திடு, நல்லா இருக்கு." நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எந்தக் குரலில் படிப்பீர்கள்? பல்லைக் கடித்துக்கொண்டா, சிரித்துக்கொண்டா? நேரில் கேட்ட எனக்கே தெரியவில்லை. அதனால் வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறி, வழியெல்லாம் பேசிக்கொண்டே

[இல்லை. ஆசிரியைக்கு அடுத்த வகுப்பு இருந்தது. சீஃப் பேருந்தில் போனார்.]

இரண்டு: அன்று மாலை மருமகள் முதல் முறையாக மாமியாரின் தோளில்

[என் பேனா இதை எழுதாது. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல.]

நடந்தது இது. சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, கூடத்திலிருந்து.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. இவங்க ரெண்டு பேரும் காலைலேருந்து சமையல் ரூம்ல கத்திக்கிட்டு இருக்காங்க. எல்லாம் ரஷ்யன். எனக்கு ஒரு எழவும் புரியல. ஒரு நிமிஷம் கேட்டுச் சொல்றீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கைபேசியைச் சமையலறைப் பக்கம் நீட்டிவிட்டார்.

கேட்டேன். ஆசிரியை எதையோ யாரைக் கேட்டு எடுத்தாய் என்றார். சீஃப் என் வீட்டில் நான் யாரைக் கேட்க வேண்டும் என்றார். இது என் வீடும்தான் என்றார் ஆசிரியை. அதைத்தான் நானும் சொல்கிறேன், உன் வீடாக இருந்தால் நீயல்லவா பார்த்திருக்க வேண்டும் என்றார் சீஃப். அந்த வாக்கியத்தில் இரண்டு இலக்கணப் பிழை. ஆசிரியை உடனே ஒன்றைத் திருத்தினார், கத்திக்கொண்டே. சீஃப் திருத்தியதைத் திரும்பச் சொன்னார், அதுவும் கத்திக்கொண்டே. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கே பிடிபடாத வேகம். ஏதோ ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. அதன் பிறகு ஒருவர் மூச்சு வாங்க ஏதோ சத்தம் எழுப்பினார். சிரிப்பாகவும் இருக்கலாம், அழுகையாகவும் இருக்கலாம். கூடவே இன்னொருவரும் சேர்ந்துகொண்டார்.

கைபேசி மகனின் காதுக்குத் திரும்பியது.

"சண்டையா மேடம்? நான் உள்ளே போகணுமா, இங்கேயே நிக்கட்டுமா?"

என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இவ்வளவு நேரம் என்னோடு உட்கார்ந்து நீங்களும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். உங்கள் பதில் வேறாக இருந்தால் அதையே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் லைனில் இருக்கிறார்.